விடுமுறையில் ஒரு சமூகக் கலை மையம்: போகலாமா, போனால் என்ன செய்வது?

வந்த கேள்வி இது: “குடும்பத்துடன் ஒரு வாரம் வெளியூர் போகிறோம். தங்கப்போகும் இடத்துக்கு அருகில் ஒரு சமூகக் கலை மையம் இருக்கிறது. பெரிய பெயர் இல்லை. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலிலும் இல்லை. அங்கே போவதில் பயன் உண்டா? எங்களில் யாருக்கும் வரையத் தெரியாது. பத்து வயது மகளும், அதிகம் நடக்க முடியாத என் அம்மாவும் உடன் வருகிறார்கள். போனால் எதைப் பார்ப்பது, வகுப்பில் சேரலாமா, எதையாவது வாங்கலாமா?”

கட்டாயம் போங்கள். அரை நாளையாவது அதற்கென்று ஒதுக்குங்கள். இத்தகைய மையங்களில் அச்சுக்கலை சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிவேன். வரும் பயணிகளில் பெரும்பாலோர் முன்கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், களிமண் மேசையும் அச்சு எந்திரமும் இருக்கும் அறையில்தான் மையத்தின் உயிர் இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரிவதில்லை. யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை. அந்த அறைக்குள் எப்படிப் போவது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் வேலை, சரியான நாளைத் தேர்ந்தெடுப்பது. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனாலும் சனிக்கிழமை போனாலும் அதே படங்கள் அதே இடத்தில் இருக்கும். கலை மையம் வாராந்தர அட்டவணைப்படி இயங்குவது. ஒரு நாள் மட்பாண்டம், இன்னொரு நாள் மாதிரியை அமர்த்தி வரையும் அமர்வு, வேறொரு நாள் குழந்தைகள் வகுப்பு என்று போகும். இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவே படங்களை இறக்கி ஏற்றும் நாட்களில் கூடம் மூடியே கிடக்கும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுங்கள். “எப்போது திறந்திருக்கும்” என்று கேட்டால் நேரத்தை மட்டும் சொல்வார்கள். “பட்டறையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் எது, அப்போது வந்து பார்க்கலாமா” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவரின் குரலே மாறிவிடும். உங்களுக்கு ஏற்ற நாளை அவரே சொல்லிவிடுவார். அம்மாவுக்காக மின்தூக்கி உண்டா, வகுப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். பல மையங்கள் பழைய பள்ளிக்கூடம், தொழிற்சாலை, வீடு போன்ற கட்டடங்களில் இயங்குகின்றன; படிக்கட்டுகள் செங்குத்தாக இருக்கும். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரியா நகரில் உள்ள ‘டார்பிடோ ஃபேக்டரி’ கலை மையம் பெயருக்கேற்பக் கடற்படைக்கு நீர்மூழ்கிக் குண்டுகள் செய்த ஆலைதான். 1974-இல் அது கலைஞர்களின் பட்டறைகளாக மாறியது. கலைஞர்கள் வேலை செய்வதைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்பது தொடக்கத்திலிருந்தே அங்கே உள்ள ஏற்பாடு.

பட்டியலில் இடம்பெறாத இடத்துக்கு ஏன் போகவேண்டும் என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு வேலையில்லாத கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை கொடுத்தது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்கள் திறக்கப்பட்டன. பல ஊர்களில் ஓர் அசல் ஓவியத்தை மக்கள் நேரில் பார்த்ததே அப்போதுதான். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 1937-இல் திறந்த ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநர் அகஸ்டா சாவேஜ் என்ற கறுப்பினப் பெண் சிற்பி. கறுப்பினத்தவருக்குக் கலைப்பள்ளிகளின் கதவு எளிதில் திறக்காத அந்தக் காலத்தில் ஹார்லெமின் இத்தகைய வகுப்புகளில் பயின்று வளர்ந்தவர்தான் ஜேக்கப் லாரன்ஸ். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவின் முதன்மையான ஓவியர்களில் ஒருவரானார்.

அந்த வரிசையில் சிகாகோவின் சவுத் சைடு சமூகக் கலை மையம் 1940-இல் தொடங்கி, அதே கட்டடத்தில் இன்றும் நடக்கிறது. 1941-இல் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து அதை முறைப்படி திறந்துவைத்தார். புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் தம் ஆரம்ப காலத்தில் அதன் அடித்தளத்தில் இருந்த இருட்டறையில்தான் படங்களைக் கழுவினார். அங்கே போனால் சுவரை உற்றுப் பார்க்கச் சொல்வேன். மரப்பலகை பதித்த அந்தச் சுவர்கள் முழுக்க ஆணித் துளைகள். எத்தனையோ கண்காட்சிகளுக்குப் படங்களை மாட்டி மாட்டி விழுந்த துளைகள் அவை. எந்தப் பெரிய அருங்காட்சியகமும் இப்படி ஒரு சுவரை விட்டுவைத்திருக்காது. பூசி, வெள்ளையடித்து மறைத்திருக்கும். நீங்கள் போகும் மையம் இவ்வளவு புகழ் பெற்றிருக்காது. ஆனால் அங்கேயும் ஒரு சுவரோ மேசையோ இப்படி ஒரு வரலாற்றைச் சுமந்துகொண்டு நிற்கும். “இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது? யார் தொடங்கினார்கள்?” என்று வரவேற்பில் இருக்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் காத்துக்கொண்டிருப்பார்.

படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். அங்கே தேர்ந்த கலைஞரின் படத்துக்கு அருகிலேயே நேற்றுத் தொடங்கியவரின் படமும் தொங்கும். எது உயர்ந்தது என்று தரம் பிரிக்கும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லண்டில் 1974-இல் தொடங்கிய ‘கிரியேட்டிவ் குரோத்’ என்ற கலை மையம் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கானது. ஜூடித் ஸ்காட் 1987-இல் அங்கே சேர்ந்தார். டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர். காது கேளாது, பேச்சு வராது. வாழ்வின் பெரும்பகுதியைக் காப்பகங்களில் கழித்தவர். வரையக் கொடுத்தபோது அவருக்கு அதில் நாட்டம் இல்லை. பிறகு நூல், நார் கொண்டு வேலை செய்யும் வகுப்பில் உட்கார்ந்தார். கைக்குக் கிடைத்த பொருள்களை எடுத்து அவற்றின் மேல் நூலையும் துணியையும் சுற்றிச் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபடி பெரிய உருவங்களைச் செய்யத் தொடங்கினார். 2005-இல் இறக்கும்வரை அதை நிறுத்தவில்லை. அந்த உருவங்கள் இன்று உலகின் முக்கிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வரையத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சரியான பொருள் கைக்குச் சேரும்வரை யாருக்கு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சேர்த்துவைப்பதுதான் மையத்தின் வேலை.

இனி வகுப்பு. சேருங்கள், ஆனால் எந்த வகுப்பு என்பதில் கவனம் வேண்டும். பயணிகள் எல்லோரும் முதலில் கேட்பது மட்பாண்டச் சக்கரத்தைத்தான். கேட்டுவிட்டு, பானையை எப்போது எடுத்துப்போகலாம் என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள். ஒரு வாரத்தில் முடியாது என்பதே நேர்மையான பதில்.

ஏன் என்று தெரிந்தால் ஏமாற்றம் இருக்காது. சக்கரத்திலிருந்து இறக்கிய கலம் மெதுவாக உலரவேண்டும். கனத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து அதற்குப் பல நாட்கள் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் வைத்தால், வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கலம் வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலையையும் கெடுத்துவிடும். உலர்ந்த பிறகு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் முதல் சூடு. பிறகு கண்ணாடிப் பூச்சு கொடுத்து இரண்டாவது சூடு. கல்மண் வகைக் களிமண்ணுக்கு அது 1,200 டிகிரிக்கும் மேலே போகும். ஒவ்வொரு முறையும் சூளை தானாக ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. போதாததற்கு, சூளை நிறையும் அளவுக்குக் கலங்கள் சேர்ந்தால்தான் பற்றவைப்பார்கள். எல்லாம் கூடி வாரக்கணக்கில் ஆகிவிடும். சில மையங்கள் சுட்டு முடித்து அஞ்சலில் அனுப்பிவைக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அனுப்பமாட்டார்கள் என்றாலும் சக்கரத்தில் ஒருமுறை உட்காரலாம் என்பேன். மண் நடுவில் நிலைகொள்ளும் அந்தக் கணத்தை விரல்கள் உணர்ந்துவிட்டால், அதன் பிறகு எந்த மண்பாண்டத்தையும் நீங்கள் பழையபடி பார்க்கமாட்டீர்கள். செய்ததை மறுபடி மண்ணாகக் கரைத்துவிட்டால் போயிற்று.

அன்றைக்கே ஒரு மண்கலம் கையில் வேண்டும் என்றால் ‘ராகு’ (raku) என்னும் விரைவு முறைச் சூடு நடக்கும் நாளா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சுட்ட கலத்துக்கு நீங்கள் பூச்சு கொடுப்பீர்கள். சிறிய சூளையில் அதை வேகமாகச் சூடேற்றி, தணல்போல் ஒளிரும்போதே நீண்ட இடுக்கியால் வெளியே எடுத்து, மரத்தூள் நிரம்பிய உலோக வாளிக்குள் வைத்து மூடுவார்கள். தூள் பற்றியெரிந்து உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, பூச்சில் உலோகப் பளபளப்பும் கரிய விரிசல் கோடுகளும் தோன்றும். எந்தக் கோடு எங்கே விழும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. குழந்தைகள் தள்ளி நின்று பார்க்கவேண்டிய வேலை இது. ஆனால் பார்த்த குழந்தை மறக்காது. அந்தக் கலம் நீரை உறிஞ்சும், விரிசலும் இருக்கும். அதில் உண்ணவோ பருகவோ கூடாது, அலங்காரத்துக்கு மட்டும்.

எண்ணெய் வண்ண வகுப்பும் பயணிக்குப் பொருந்தாது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாட்கள் ஆகும். ஈரக் கேன்வாஸோடு எந்தப் பெட்டியையும் மூட முடியாது.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது லினோ அச்சு, அதாவது லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கும் அச்சு. என் சொந்தத் துறை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தரை விரிப்புக்காக உருவான பொருள் லினோலியம். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்தது. மரத்தில் இருப்பதுபோன்ற நார் ஓட்டம் இதில் இல்லாததால் செதுக்கும் கத்தி எந்தப் பக்கம் திருப்பினாலும் வழுக்கிக்கொண்டு போகும். விலையும் குறைவு. இந்த எளிமையால்தான் தென்னாப்பிரிக்காவில் 1960-களில் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை, கைவினை மையத்தில் லினோ அச்சு அப்படி வேரூன்றியது. கறுப்பினத்தவருக்கு முறையான கலைக்கல்வி மறுக்கப்பட்டிருந்த நிறவெறிக் காலம் அது. அங்கே பயின்ற நமீபியக் கலைஞர் ஜான் முவாஃபாங்கெஜோ கருப்பு வெள்ளையில், படத்துக்குள்ளேயே எழுத்துகளையும் செதுக்கி, தம் மக்களின் வாழ்வையும் துயரத்தையும் சொன்னார்.

மூன்று மணி நேர வகுப்பில் சிறிய படம் ஒன்றைச் செதுக்கி, மை தடவி, சில படிகள் எடுத்துவிட முடியும். மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்: செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கருப்பு, எல்லாம் இடவலம் மாறும். பெயரை எழுதும் ஆசையில் நேராகச் செதுக்கிவிட்டுத் திகைக்காத மாணவர்கள் குறைவு. கத்திக்கு முன்னால் மற்றக் கை போகவே கூடாது. மகளுக்கு இதை ஆசிரியர் சொன்னாலும் நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். எண்ணெய் மையா, நீர் மையா என்றும் கேளுங்கள். எண்ணெய் மை என்றால் அடுத்த நாள்கூட ஒட்டும். நீர் மை விரைவில் உலரும், மறுநாள் சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துப்போகலாம்.

மகளுக்குக் கத்தி வேண்டாம் என்று தோன்றினால் சயனோடைப் என்ற நீல அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை. இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் இலையையோ இறகையோ வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் கழுவினால் போதும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகவும், மறைந்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். தாளைத் தண்ணீரில் அமிழ்த்தும் அந்த வேளையில் நிறம் மாறுவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்துக்காகவே இந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியர்களை அறிவேன். வெயில் வேண்டும் என்பதால் மழை நாளில் பதிவு செய்யாதீர்கள்.

அம்மாவைப் பார்வையாளராக மட்டும் உட்கார்த்திவிடாதீர்கள். உட்கார்ந்தபடியே செய்யும் வேலைகள் நிறைய உண்டு: சக்கரம் இல்லாமல் கையாலேயே கிள்ளிச் செய்யும் சிறு கிண்ணம், தறி, தையல், காகித ஒட்டுவேலை. பல ஆண்டுகள் தைத்தோ பின்னியோ பழகிய கைகள் இருந்தால் அங்கே அவருக்கு மாணவர்கள் கிடைத்தாலும் வியப்பதற்கில்லை. இப்படி ஒரு மூதாட்டி என் வகுப்பில் வந்து உட்கார்ந்து, நூலை இழுத்துப் பிடிக்கும் முறையைப் பக்கத்து மேசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் அச்சு வேலையை நிறுத்திவிட்டு அவரையே கவனித்தேன்.

பட்டறைக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சுருக்கமாக: அலமாரியில் இருக்கும் சுடாத கலங்களைத் தொடாதீர்கள், உலர்ந்து பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் விரல் பட்டாலே உடையும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மாதிரி அமர்ந்திருக்கும் அறையிலும் பிறர் குழந்தைகள் இருக்கும் வகுப்பிலும் கேமராவை எடுக்கவே வேண்டாம். வேலை செய்பவரிடம் “இது என்ன” என்று கேட்டால் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடும். “இதை எங்கிருந்து தொடங்கினீர்கள்” என்று கேட்டால் கருவியைக் கையில் கொடுத்துக் காட்டுவார்.

பழங்குடி மக்களின் கலை மையமாக இருந்தால் மரியாதை இன்னும் ஒரு படி கூட வேண்டும். ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊர்களில் இத்தகைய மையங்கள் பல உள்ளன. அவற்றுக்கு முன்னோடி, 1972-இல் கலைஞர்களே உரிமையாளர்களாகச் சேர்ந்து அமைத்த பாப்புன்யா துலா நிறுவனம். வட ஆட்புலத்தில் பழங்குடியினரின் நிலத்துக்குள் செல்லப் பல இடங்களில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். ஊரில் இறப்பு நேர்ந்தால் துக்கம் கடைப்பிடித்து மையத்தை மூடிவிடுவார்கள். முன்பே திட்டமிட்டுத் தொலைவிலிருந்து வந்தேனே என்று வாசலில் நின்று முறையிடுவது தகாது. சில ஓவியங்களில் உள்ள கதைகளை வெளியாருக்கு முழுதாகச் சொல்லமாட்டார்கள். சொன்ன அளவு போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாங்குவது பற்றி. முடிந்தால் வாங்குங்கள், வரும் பயணியால் மையத்துக்கு நேரடியாகச் சேரும் உதவி அதுதான். விற்ற தொகையில் கலைஞருக்கு எவ்வளவு, மையத்துக்கு எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. முறையாக நடக்கும் இடம் தயங்காமல் சொல்லும். சொல்ல மறுக்கும் இடத்தில் நான் வாங்கமாட்டேன். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள் ஆகியவை எழுதிய ரசீதையோ சான்றையோ கேட்டு வாங்குங்கள். படம் உங்களுடையதானாலும் அதை நகலெடுத்து விற்கும் உரிமை பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும்.

அச்சுப்படத்தின் அடியில் பென்சிலால் 7/40 என்பதுபோல் எழுதியிருந்தால், மொத்தம் நாற்பது படிகளில் இது ஏழாவது என்று பொருள். கணினி நகலுக்கும் இப்படி எண் இடுவதுண்டு; ஒவ்வொரு படியும் தனித்தனியே கையால் மை தடவி எடுத்ததா என்று கேளுங்கள். எண் சிறியதாக இருந்தால் தரம் கூடும் என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். கனடாவின் வடபகுதியில் கின்கைட் என்ற, இனுயிட் பழங்குடியினர் வாழும் ஊரின் கூட்டுறவு 1959 முதல் ஆண்டுதோறும் அச்சுத் தொகுப்பு வெளியிட்டு வருகிறது. கெனோஜுவாக் அஷெவாக்கின் புகழ்பெற்ற ஆந்தைப் படங்கள் அங்கே உருவானவைதான். அந்தப் படங்களில் வரைந்தவரின் அடையாளத்துடன், கல்லைச் செதுக்கி அச்செடுத்தவரின் அடையாளமும் இருக்கும். நீங்கள் போகும் இடத்திலும் “அச்செடுத்தது யார்” என்று கேட்டுப் பாருங்கள். வரைந்தவரின் பெயரை மட்டும் கேட்டுப்போகும் உலகத்தில் அந்தக் கேள்வி ஒருவரை நிச்சயம் மகிழ்விக்கும்.

மட்பாண்டம் வாங்கினால் உணவுக்குப் பயன்படுத்தலாமா, மைக்ரோவேவில் வைக்கலாமா என்று செய்தவரிடமே கேளுங்கள். கட்டும்போது உள்ளே காகிதத்தையோ துணியையோ திணித்து, வெளியே துணியால் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அடி படும். கைப்பிடியும் மூக்கும் உள்ள கலங்களுக்கு அந்த இடங்களைத் தனியே முதலில் சுற்றுங்கள். விமானத்தில் போவதானால் கையோடு வைத்துக்கொள்வதே நல்லது. லினோ கத்தியை வாங்கியிருந்தால் அதைச் சரக்குப் பெட்டியில் போட மறக்காதீர்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.